கொக்கிக்குச் சான்றிதழ் விசாரித்த கதை

கட்டட அத்திவாரத்துக்கு நிலம் துளைக்கும் கம்பனி எங்களுடையது. இயந்திரப் பாகங்கள் வாங்குவது என் பொறுப்பு.

இன்று காலை, துளைக் குழாய்களைத் தூக்கும் கொக்கிகளுக்கு ஓர்டர் கொடுக்க இருந்தேன். விற்பவர் எங்கள் தமிழ் ஆள்தான், மில்லிக்கன் பகுதியில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை. சுயாதீனமாகப் பரிசோதித்த சான்றிதழ் என்று ஒன்றை அனுப்பியிருந்தார். பரிசோதித்தவர்களிடமே கேட்டுவிட்டு வாங்குகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன்.

"என்ன தங்கச்சி, என்னில நம்பிக்கை இல்லையோ?" அவருடைய குரல் சுருங்கிவிட்டது.

"உங்களில இருக்கு அண்ணை. ஆனா கொக்கிக்குக் கீழ நிக்கிறது எங்கட பெடியள்."

சான்றிதழில் இருந்த இலக்கத்தை விட்டுவிட்டு, பரிசோதனை நிறுவனத்தின் இலக்கத்தை நானே தேடி எடுத்து அழைத்தேன். சான்றிதழ் உண்மைதான், ஆனால் அது குழாய்களுக்கு மட்டும் என்றார்கள். கொக்கிகளை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

உடனே அண்ணையை அழைத்துச் சொன்னேன்.

"தொழிற்சாலை தந்ததை நான் அப்பிடியே நம்பிட்டன். அஜக்ஸ் பக்கம் கட்டடம் கட்டுற ஒரு சைட்டுக்கும் இந்தக் கொக்கியளைத்தான் நாளைக்கு ஏத்த இருந்தனான். இப்பவே நிப்பாட்டுறன்."

மத்தியானம் அவரே அழைத்தார். அஜக்ஸுக்குப் போகவிருந்ததை நிறுத்தி, கொக்கிகளைப் பரிசோதனைக்கும் அனுப்பிவிட்டாராம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

தொலைபேசியை வைக்கப் போகும்போது கேட்டார்: "தங்கச்சி, மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பெடியனையும் உப்பிடி ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுவியளோ?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைகளைச் சுயாதீனமாகப் பரிசோதிக்கும் நிறுவனம் எது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.