அம்மாவின் காதும் கூடைக்கயிறும்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கும்போது உங்கள் அம்மா இரண்டு காதிலும் எண்ணெய் தொட்ட பஞ்சை அடைத்துக்கொண்டதைப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். "காதுக்குள்ள மீன் வளக்கிறீங்களாம்மா?" என்று சின்னவள் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே இரண்டு வைத்திருப்பேன். அது உங்கள்மேல் வந்த கோபம் இல்லை என்று தெரிந்ததால் கையை அடக்கிக்கொண்டேன். யார்மேல் வந்தது என்பதை இதில் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் மூத்தவன் திருத்தட்டும்.

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவர் ஒருநாள்கூட அவள் காதுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. தோட்டத்துப் பிள்ளை என்றால் காது ஒழுகத்தான் செய்யும் என்பார். எல்லோருக்கும் ஒரே போத்தல், அதே சொட்டு மருந்து. ஒழுகி ஒழுகி இரண்டு செவிப்பறையும் ஓட்டையாகிவிட்டன. நான் கல்யாணம் முடித்தபோது, முகத்துக்கு நேரே நின்று பேசினால்தான் அவளுக்கு விளங்கும். மூத்தவனே, உன்னைச் சீலையில் கட்டின ஏணையில் போட்டு, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் பெருவிரலில் முடிந்துகொண்டு தூங்குவாள். நீ அழுதால் கேட்காது. நீ உதைத்தால் விரல் இழுபடும்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஓட்டைக் காதுக்கு ஒட்டுப் போடுகிறார் என்று கேள்விப்பட்டு, வட்டகொடையில் ரயில் ஏறினோம். சிங்கள டாக்டர், நல்ல மனிதர். காதோரத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை மூடுவதாகவும், ஒரு காது ஆறின பிறகுதான் மற்றது என்றும் சொன்னார். முதலில் வலது காது. பஞ்செல்லாம் எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது, என் அரைகுறைச் சிங்களத்துக்கு ஏற்ற மாதிரி மெதுவாகப் பேசினார். மூன்று மாதம் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, தலையில் பாரம் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது.

வீடு வந்த அன்று மழை. எங்கள் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் கொட்டியது. அம்மா அடுப்பை விட்டு எழுந்து மேலே பார்த்தாள். "இத்தன வருசமும் இப்படித்தான் கத்திக்கிட்டு இருந்துச்சா?" என்றாள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்கு முன்னால் கைகட்டி நின்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில், கூரைக்குக் கீழே, குச்சி பொறுக்குகிற வேலையை மூன்று மாதத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"ஆபரேசன் காதுலதானே செஞ்சாங்க, கையிலயா? அவ என்ன காதாலயா கொழுந்து எடுக்குறா?"

களமே சிரித்தது. கங்காணி சிரித்தான். என் சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். அவள் மலைக்கு ஏறாவிட்டால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைக் காலி பண்ணிவிட்டுப் போ என்றார். அரசாங்கம் எங்கள் ஓட்டுரிமையையும் பிடுங்கின பிறகு எங்களுக்காக எவன் பேசுவான்? கைப்பிள்ளையோடு எங்கே போவோம்? அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

கூடைக்கயிறு உச்சந்தலையில் மாட்டி இரண்டு காதுக்கும் பின்னால் இறங்கும். தையல் போட்ட இடத்தில்தான் அது உரசும். கம்பளியைப் போர்த்தினாலும் மழைத்தண்ணீர் கயிற்றோடு வழிந்து காதுக்குத்தான் வரும். ஒருநாள் படுக்கும்போது மறுபடியும் ஏணைக் கயிற்றைக் கால்விரலில் முடிந்தாள். தலையணையைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் கறை.

திரும்பவும் கொழும்பு. டாக்டர் காதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். பெண்டாட்டியை இப்படியா பார்த்துக்கொள்வாய் என்றார். மழையில் அனுப்பியது நானில்லை என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை. "ஓவ் மாத்தயா", ஆமாம் ஐயா என்று அத்தனைக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

வலது காதுப் புண் ஆற மருந்து கொடுத்துவிட்டு, இந்த முறை இடது காதைச் செய்தார். ஊர் திரும்பிய மறுநாள் பெரட்டுக்கு நான் மட்டும் போனேன். கைகட்டவில்லை.

"அவ மலைக்கு வரமாட்டா. காம்பராவ எடுத்துக்குங்க. சட்டி பானையத் தூக்கிட்டு வந்து உங்க வீட்டு வாசல்ல அடுப்பு மூட்டுறோம்."

யாரும் சிரிக்கவில்லை. கண்டாக்கையா என் முகத்தைப் பார்க்காமல் கங்காணி பக்கம் திரும்பினார்.

"அந்தச் செவிட்டுக் கழுதய ஸ்டோருக்கு அனுப்பு."

அவ்வளவுதான். நான் முதலில் கைகட்டிக் கேட்ட அதே வேலை. அதே கூரை, அதே குச்சி. அன்றைக்கும் அது அங்கேதானே கிடந்தது? அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்ல அந்த மனிதனுக்கு என்ன குறைந்திருக்கும்?

இடது காது ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் டாக்டர் வலது காதை மறுபடி செய்தார். அதுவும் பிடித்தது. ஆனால் அழுகின காது அழுகினதுதான், பாதிதான் கேட்கும். நீங்கள் வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் அம்மா முழுசாகத் திரும்புகிறாளே, அதற்கும் சிரிக்கிறீர்களே, அது இதனால்தான்.

இடது காதுக்காக ஸ்டோரில் இருந்த அந்த மூன்று மாதமும் முடிந்து, மறுநாள் அவள் மலைக்கு ஏற வேண்டும். சாயங்காலம் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்த மூத்தவனைக் கூட்டிவரப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். கூடையைக் கவிழ்த்து, தலைக்கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டேன். உரச்சாக்கை நீளமாகக் கிழித்து, மடித்து, கோணி ஊசியால் தைத்து, தோளில் மாட்ட இரண்டு பட்டி வைத்தேன். என் தோளில் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது. அவள் தோள் சின்னது. தையலைப் பிரித்து, பட்டியைக் குறைத்து, மறுபடி தைத்தேன்.