உஸ்தாதின் கோதா மண்

எனக்கு எண்பத்து நான்கு வயது. வளர்த்தது ஆறு பேரை. நாலு நான் பெற்றது, ரெண்டு என் கொழுந்தனார் விட்டுப் போனது. ஒருவரும் சோடை போகவில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டி எழுதினால் ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடும். அவசரம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் பயில்வான். மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் குஸ்தி போட்டுப் பெயர் வாங்கியவர். கலியாணமான மறு வருஷம் அந்தமான் காட்டில் மரம் இழுக்க ஆள் எடுத்தார்கள், கப்பலேறினோம். மற்றவர்கள் பாத்திரமும் படுக்கையும் கொண்டு வந்தார்கள். இவர் நாலு சாக்கு மண் கொண்டு வந்தார். குஸ்தி போடுகிற குழிக்குக் கோதா என்று பெயர். இவருடைய குருவின் கோதாவில் அள்ளிய செம்மண் அது. பல வருஷம் நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் ஊற்றிப் பதமாக்கியது.

"அந்தமான்ல மண்ணு கெடையாதா பயில்வான்?" என்று கப்பலில் ஒருவர் கேலி பண்ணினார்.

"இருக்கும். எண்ணெய் குடிச்ச மண்ணு இருக்காது" என்றார் இவர்.

மின்னி பே என்கிற கடலோர மேட்டில் எங்களுக்கு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டுக் கோதா வெட்டி, அந்த மண்ணை மேலாகப் பரப்பினார். காட்டு வேலை முடிந்து வந்து அதில் இறங்குவார். ஆகஸ்டு பதினைந்து, ஜனவரி இருபத்தாறு என்றால் மைதானத்தில் குஸ்தி நடக்கும். பஞ்சாபி சிப்பாய்களையே தூக்கிப் போட்டிருக்கிறார். பிறகு ஒரு குஸ்தியில் முழங்கால் திரும்பிவிட்டது. ஆறு மாதம் நொண்டினார். எழுந்தபின் குஸ்தி போடவில்லை, சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர் எல்லாருக்கும் உஸ்தாத் ஆனார். சர்க்காரே பிறகு கோச் என்று உத்தியோகம் போட்டுக் கொடுத்தது.

குஸ்தி போடுகிறவன் போட்டிக்கு முன்னால் ஒரு மண்டலம் பெண்டாட்டியை விட்டுத் தள்ளிப் படுக்க வேண்டும். பயில்வானாக இருந்தபோது வருஷத்தில் இரண்டு மண்டலம் கொட்டகையில் படுத்தார். கோச் ஆனபின் எந்தப் பிள்ளைக்காவது போட்டி இருந்துகொண்டேதான் இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத் தான் மீறலாமா என்பார். வருஷத்தில் முக்கால்வாசி கொட்டகையே வீடாகிவிட்டது. சாப்பாட்டைக் கொட்டகைத் தட்டி ஓரம் வைத்துவிட்டு வருவேன். பெண்பிள்ளை கால் கோதாவில் படக்கூடாது. பட்டால் அந்த மண் தீட்டு, அள்ளிக் கொட்டிவிட வேண்டியதுதான். சமையற்கட்டில் உட்கார்ந்தால் தொடை தட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து அவர் எரிச்சலில் இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பேன். எனக்கு அவரோடு பேச்சுவார்த்தை என்று இருந்தது அதுதான்.

மூத்தவனுக்கு மூன்று வயது, அடுத்தது கைக்குழந்தை. அப்போது பையன்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போட்டிக்குப் போனார். போக வர ஒரு மாதம் ஆகும். கொட்டகைச் சாவியைக் கையில் கொடுத்து, "வாசல்ல அனுமாருக்கு வெளக்கு மட்டும் வை. உள்ள போயிராத" என்றார்.

கப்பல் போன ஒன்பதாம் நாள் பகலிலேயே இருட்டிக்கொண்டு காற்று வந்தது. கொட்டகைக் கூரையில் பாதி பறந்து கீழே சரிவில் விழுந்தது. மழை கோதா விளிம்பில் விழ ஆரம்பித்தது. ஆம்பளை யாரையாவது கூப்பிடலாம் என்று தெருவில் இறங்கினேன். படகுகளைக் கட்ட எல்லாரும் கரைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போதே செம்மண் தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடியது. அந்த மண் போனால் அவருக்கு ஊரும் போச்சு, குருவும் போச்சு. அது எனக்குத் தெரியும்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். அனுமார் படத்துக்கு முன்னால் நின்று, கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள், அவரோடு வேண்டாம் என்றேன். இறங்கினேன். அரைத்த மாவு மாதிரி இருந்தது காலுக்கு.

இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளி வீட்டுக்குள் கொண்டு போய்க் கொட்டினேன். பக்கத்து வீட்டுக் கிழவி கைதிகள் காலத்திலிருந்தே இங்கே இருக்கிற குடும்பம். இந்திதான் பேசுவாள், தமிழ் அரைகுறை. மகள் முறை வைத்து என்னைப் 'பேட்டி' என்பாள், எனக்கு அவள் 'சாச்சி', சின்னம்மா. வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"அரே பேட்டி, பயில்வான் நீதான். உஸ்தாத் சும்மா" என்றாள். "பச்சா என்கிட்ட குடு."

"சாச்சி, அவர்கிட்ட சொல்லிராதீங்க. மண்ண கொட்டிருவாரு."

"பாகல், பைத்தியம். நான் எதுக்குச் சொல்றேன்?" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். சாகிறவரை சொல்லவில்லை.

நானும் பிள்ளைகளும் அடுப்படியில் ஒடுங்கினோம், அறையில் மண் இருந்தது. வெயில் வந்ததும் வாசலில் காயவைத்தேன், சலித்தேன், எண்ணெயும் மஞ்சளும் பிசைந்தேன். கூரை போட வந்தவர்கள் கூலிக்காரர்கள், குழியில் மண் இருந்ததா இல்லையா என்று அவர்களுக்கு என்ன? அவர்கள் போனபின் மறுபடி இறங்கி, அவர் செய்வது போலவே பலகை வைத்து மட்டம் பண்ணினேன். என் கால் தடத்தை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே பின்னால் நடந்து ஏறினேன்.

கப்பல் வந்தது. ஒரு பையன் ஜெயித்திருந்தான். அவர் வீட்டுக்கு வராமல் நேரே கோதாவுக்குத்தான் போனார். நான் டீ எடுத்துக்கொண்டு தட்டிக்கு வெளியே நின்றேன். ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"கூரை போச்சுன்னு கப்பல்துறையில சொன்னாங்க. மண்ணு பதம் மாறல பாருங்கடா" என்றார் பையன்களிடம். "பொம்பள கால் படாத மண்ணு. அதான் அனுமார் காத்துட்டாரு."

என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன புள்ள?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். டீயை வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் இந்தக் கதையைச் சொன்னார். வருஷத்துக்கு வருஷம் காற்று பெரிதாகிக்கொண்டே போனது. நான் சமையற்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதில் நான் ஒரு தடவைகூட வந்ததில்லை.

வயதானபின் வீட்டுக்குள் வந்து படுத்தார். கொட்டகை போய் மைதானத்தில் ரப்பர் மெத்தை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு நாள் கேட்டார்.

"ஏன் புள்ள, அந்தக் காத்து அடிச்ச அன்னிக்கு நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

சொல்லியிருக்கலாம். மண்ணைக் கொட்டுவதற்கு அப்போது கோதாவே இல்லை. ஆனால் நாற்பது வருஷம் கழித்துக் கேட்கிறவருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

"பிள்ளைகளப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த வருஷத்து மழைக்காலம் வருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். கேட்டபோது சொல்லாமல் விட்டதற்கு இன்றுவரை என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

இதை எழுதி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தேன்.

"எதுலருந்து அப்பத்தா வாசிக்கணும்?"

"மொதல்லருந்து வாசி. நான் கோதாவுல எறங்குன எடம் வந்தா, கொஞ்சம் சத்தமா வாசி."