கார்டன் ரீச்சில் உதித்த நிலா

விசா வருமா வராதா என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த வாரத்தில், அம்மா பிள்ளையாரிடம் பேசி முடித்துவிட்டாள். விசா வந்தால் பதினொரு மாதம் சங்கடஹர சதுர்த்தி விரதம். பகல் முழுக்கத் தண்ணீரும் பாலும்தான், நிலாவைப் பார்த்த பிறகே சாப்பாடு. இதில் வம்பு என்னவென்றால், வேண்டிக்கொண்டது அவள், பட்டினி கிடக்க வேண்டியது நான். விசா வந்துவிட்டதால் வாயைத் திறக்க முடியவில்லை.

அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தாவில், கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில்தான். கல்லூரியில் ரஷ்ய மொழி படித்ததால், அந்தக் கோடையில் ஏழு வாரம் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மொழிப் பள்ளியில் படிக்க இடம் கிடைத்தது. பள்ளிக்காரர்களே தங்குவதற்கு ஒரு வீடும் பார்த்துக் கொடுத்தார்கள். அங்கே ஓர் அம்மாள் தனியாக இருந்தார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். கல்கத்தாவில் வளர்ந்தவளுக்கு அந்த வயதில் யாரைப் பார்த்தாலும் மாசிமாதான், வங்காளிகளின் சித்தி. மனதுக்குள் அவரை அப்படியே கூப்பிட்டுக்கொண்டேன்.

என் அறை நாலாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் டிராம் பாதையும் ஒரு பெரிய எலுமிச்சை நிறக் கட்டடமும் தெரியும். எனக்கு அந்த அறை ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் மாசிமாவுக்கு என்னைப் பிடித்ததா என்பதுதான் தெரியவில்லை. முதல் நாள் கோழி வைத்தார், சாப்பிட மாட்டேன் என்றேன். இரண்டாம் நாள் மீன், மாட்டேன். கல்கத்தாவில் இருந்துகொண்டு மீன் சாப்பிடாதவளா என்று ஊரில் கேட்டே என்னைப் பாதி கொன்றிருக்கிறார்கள். நல்லவேளை, அவருக்கு அது தெரியாது. மூன்றாம் நாள் எனக்காகவே இறைச்சி போடாமல் பீட்ரூட் சூப் வைத்து, மேலே சதகுப்பைத் தழையைக் கிள்ளிப் போட்டு, மேஜையில் இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்தா சதுர்த்தி வர வேண்டும்!

எனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்யனில் சொன்னேன். "இன்று நான் சாப்பிடக் கூடாது. நிலாவைப் பார்க்க வேண்டும். பிறகு சாப்பிடலாம்."

மாசிமா ஜன்னலைப் பார்த்தார். மாலை ஆறரை மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் அந்த ஊரில் இருட்டே கிடையாது. போனில் பார்த்தேன், நிலா வர நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகும் என்றது. இதையெல்லாம் விளக்க என்னிடம் மொழி இல்லை. அவர் சூப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

அவர் பேசியதில் எனக்கு மூன்றே சொற்கள்தான் பிடிபட்டன. இந்தியப் பெண், நிலா, பசி. ஒருவரிடம் பேசி முடித்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன். இந்தத் திமிர் பிடித்தவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று பள்ளிக்குப் புகார் போகிறது. எலுமிச்சை நிறக் கட்டடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏழரை மணிக்கு அம்மா வீடியோ காலில் வந்தாள். ஊரில் மணி பத்து.

"சாப்பிட்டியாடி?"

"எங்கம்மா சாப்பிடறது? இங்க நிலாவே வரல."

"இங்கதான் வந்துடுச்சே! மொட்டை மாடியிலதான் நிக்கிறேன், பாரு." போனைத் திருப்பினாள். கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்களுக்கு மேலே ஒரு வெள்ளைப் பொட்டு ஆடியது. "வேண்டிக்கிட்டது நான்தானே? நான் பார்த்தா போதும். போய்ச் சாப்பிடு."

முன்பே தெரிந்திருந்தால் இத்தனை பாடு பட்டிருக்க மாட்டேனே! போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். மாசிமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "நிலா!" என்றார். பிறகு மளமளவென்று பேசினார். மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கடலோரத்தில் இருக்கும் தோழிக்கும், பதினாறாவது மாடியில் இருக்கும் தங்கைக்கும் போன் போட்டு, அங்கேயாவது நிலா தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். தெரிந்தால் என்னை டிராமில் அழைத்துப் போவதாக இருந்தாராம். சூப்பைச் சூடாக்கினார். அவரும் அதுவரை சாப்பிடவில்லை என்பதை அவர் இரண்டாம் முறையும் தட்டை நிரப்பிக்கொண்டபோதுதான் கவனித்தேன். வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. மீதி ஆறு வாரமும் அந்த வீட்டில் ராஜகுமாரி மாதிரி இருந்தேன்.

ஊர் திரும்பி, பதினொரு மாதமும் முடிந்தது. அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாசிமா விடவில்லை. மாதா மாதம் தேதி கேட்டு, அவருக்கு நிலா தெரிந்தவுடன் படம் எடுத்து அனுப்பிவிடுவார்.

போன மாதச் சதுர்த்தியன்று இங்கே சரியான மழை. துர்கா பூஜைப் பந்தலுக்கு நட்ட மூங்கிலெல்லாம் நனைந்துகொண்டு நின்றது. அம்மாவும் நானும் காய்ந்த வயிற்றோடு மாடிக்கும் வீட்டுக்குமாக நடந்தோம். மேகம் கலையவே இல்லை. பத்தரை மணிக்கு மாசிமாவின் படம் வந்தது. டிராம் கம்பிகளுக்கு நடுவே பெரிய மஞ்சள் நிலா.

அம்மா அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடலாமாம்மா?" என்றேன்.

"இரு. அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளு."

கேட்டேன். பதில் உடனே வந்தது. "இல்லை. நீங்கள் உட்காருங்கள், நானும் உட்காருகிறேன்."

படித்துச் சொன்னேன்.

"அடிப்பாவி, இத முதல்லயே கேக்க மாட்டியா? அந்தம்மா பசியோட காத்திருக்காங்க" என்று அம்மா அடுப்படிக்கு ஓடினாள்.