கட்டிக்காரிக்கு எதற்குப் புது வால்வு

எனக்கு இரண்டு நோய்கள். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. இரண்டையும் ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் மூன்று வருஷம் எதையும் கண்டுபிடிக்காததற்கு என் வெட்கமும் ஒரு காரணம்.

அறுபதுகளின் கடைசி அது. அகரத்துப் பக்கம் எங்களுக்குப் பூந்தோட்டம். கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவருவதற்குள் மூன்று இடத்தில் நிற்பேன். "அஞ்சாப்பு படிச்சவளுக்குக் கொடம் கனக்குதாக்கும்" என்பார் என் மாமியார்.

நாகல் நகரில் ஒரு டாக்டரிடம் வீட்டுக்காரர் கூட்டிப்போவார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது டாக்டருக்கு நெஞ்சைக் காட்டமாட்டோம். முந்தானையை மூன்றாக மடித்து இழுத்துப் பிடித்துக்கொள்வேன். அதன்மேல் அவர் குழாயை வைப்பார். அவரும் மரியாதைப்பட்டவர், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைப்பார். அவருக்குக் கேட்டதெல்லாம் சேலையின் சரசரப்பாகத்தான் இருந்திருக்கும். "ரத்தம் பத்தலை" என்று டானிக் எழுதிக் கொடுப்பார். நானும் குடித்தேன். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் அந்த இடத்தின் பெயரை வாயால் சொல்ல வேண்டுமே.

ஒருநாள் தோட்டத்திலேயே மூச்சு முட்டி விழுந்தேன். சென்னைக்கு ரயிலேற்றினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சேலையை விலக்கிவிட்டுக் குழாயை வைத்தார்கள். குழாய்க்கு இருதய வால்வு கெட்டிருப்பது கேட்டது, கைக்குக் கட்டி தட்டுப்பட்டது. கட்டி புற்றுநோய் என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கட்டியை எடுக்கும் டாக்டர், இந்த இருதயம் மயக்கமருந்தைத் தாங்காது, முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வா என்றார். இருதய டாக்டரோ, வால்வு வெளிநாட்டிலிருந்து வருவது, இருப்பதே இரண்டு மூன்று, அதைப் புற்றுநோய்க்காரிக்குப் போட்டு என்ன பலன் என்று யோசித்தார். சாவதற்கு எனக்கு இரண்டு வழியும் திறந்திருந்தன. பிழைக்கிற வழி இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன.

வீட்டுக்காரர் ஊரில் தன் பெரியப்பாவையும் அம்மாவையும் கேட்டுவரப் போனார். நாலாம் நாள் திரும்பி வந்து கட்டிலருகே நின்றார்.

"பெரியப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கட்டிக்காரிக்கு எதுக்குடா புது வால்வு, பழைய டயருக்கு யாராச்சும் புது டியூப் போடுவானாங்கிறாரு." என் வீட்டுக்காரருக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"அத்தை?"

"கோயில்ல பூக்கட்டிப் பாத்துச்சு. வெள்ளை வந்தா செய்யலாம், செவப்பு வந்தா வேணாம்னு." என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "செவப்பு வந்துருச்சு."

எங்கள் தோட்டத்து அரளிதான். நான் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தது.

மறுநாள் காலை இருதய டாக்டர் வந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அந்தக் கட்டியோட இவங்க எத்தனை நாள் இருப்பாங்கன்னு எங்களால சொல்ல முடியலை" என்றார்.

"இந்த இருதயத்தோட எம்புட்டு நாள் இருப்பேன்யா?"

யார் பேசியது என்று அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தேன். இன்னொரு தடவை கேட்க வேண்டியதாகிவிட்டது.

"அது தெரியும்மா. வர்ற ஐப்பசி தாண்டாது."

"அப்பத் தெரிஞ்சதை மொதல்ல பாருங்கய்யா. தெரியாததை அப்பறம் பாத்துக்கிருவோம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. சம்மதக் காகிதம் கொண்டுவரச் சொன்னார். கட்டைவிரலில் மை தடவிய பிறகும் வீட்டுக்காரருக்குக் கை இறங்கவில்லை. அம்மாவை நினைத்திருப்பார். நானே காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வால்வு வைத்தார்கள். கம்பிக்கூண்டுக்குள் ஒரு சின்னக் குண்டு. சில மாதம் கழித்து, தெம்பு வந்தபின், மார்பையும் எடுத்தார்கள். ஊருக்கு வந்தேன். கூண்டுக்குள் குண்டு ஏறி இறங்குகிற சத்தம் டக், டக் என்று வெளியிலேயே கேட்கும். ஆள் வந்தால் அடுப்படிக்குள் ஒளிகிற எனக்கு இப்படி ஒரு சத்தம்.

மாமியார் கெட்டவர் இல்லை, முன்யோசனைக்காரர். புத்து வந்தவள் எத்தனை நாள் இருப்பாள் என்று, நெய்க்காரப்பட்டியில் மகனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தார். பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்த அன்று, பூ வியாபாரி வருகிறார் என்று சொல்லி என்னையே முறுக்குச் சுடச் சொன்னார். பூ வியாபாரிக்கு யாரும் முறுக்குச் சுடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? சுட்டேன். காப்பியும் கொண்டுபோய் வைத்தேன். டக், டக் சத்தம் மட்டும் கேட்டது.

வந்தவர் நாலு சுவரையும் பார்த்தார். "ஏனுங்க, கடியாரத்தை எங்கீங்க மாட்டியிருக்கறீங்க?"

மாமியார் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். வீட்டுக்காரர்தான் சொன்னார். "கடியாரம் இல்லைங்க. எம் பொண்டாட்டி நெஞ்சுங்க."

வந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடேங்கப்பா! சாவி கீவி குடுக்கோணுங்களா?"

"வேணாங்க. அதுபாட்டுக்கு ஓடும்."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அந்தப் பெண்ணை அந்தத் தையிலேயே வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். முறுக்கில் அவர் ஒன்றைத்தான் கடித்திருந்தார். மிச்சத்தை நானும் வீட்டுக்காரரும் தின்றோம். நன்றாகத்தான் வந்திருந்தது.