வியர்வை மட்டும் சொன்னது

நர்சிங் இரண்டாம் ஆண்டில் எனக்குப் பிடித்த பாடம் நோய் உடலியங்கியல். ஒரு நோய் உடலுக்குள் எதைக் கெடுக்கிறது, உடல் அதை எப்படிச் சமாளிக்கப் பார்க்கிறது என்று படிப்படியாகச் சொல்லும் பாடம் அது. எதையும் பட்டியலாகப் போட்டால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, பசி. இந்த நான்கும் உடல் அடிக்கும் அபாய மணி. மணியை யாரும் கவனிக்காவிட்டால் மூளைக்குத் தீனி இல்லாமல் உளறல், மயக்கம், வலிப்பு. அதற்கும் பிறகு என்ன என்பதைப் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டிருந்தது.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை காலை இந்தப் பக்கத்தைத்தான் பேருந்தில் மடியில் விரித்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை தேர்வு. நானும் அம்மாவும் மல்லூரில் ஏறி, ராசிபுரத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருந்தார். அம்மா விரதம். கோயிலில் பொங்கல் வைத்துப் படைத்த பிறகுதான் வாயில் எதையும் வைப்பாள்.

அவளுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. இரண்டுக்கும் காலையில் மாத்திரை. விரத நாளில் சர்க்கரை மாத்திரையைப் போட மாட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

பாதி வழியில் அவளுடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. பேருந்தில் நிற்க இடமில்லாத கூட்டம், எல்லோருக்கும்தான் வியர்த்தது. இருந்தாலும் கையைப் பிடித்துப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். அறுபத்தெட்டு, நிதானமாக.

"படபடன்னு வருதாம்மா?"

"இல்ல கண்ணு. புழுக்கமா இருக்குது, அவ்வளவுதான்."

நான்கில் ஒன்று. வெக்கைதான் என்று முடிவு செய்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஆண்டகளூர் கேட் வருவதற்கு முன் அம்மா முணுமுணுக்கத் தொடங்கினாள். "தண்ணி வந்துருச்சு. கொடத்த எடு. தண்ணி வந்துருச்சு." தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. "அம்மா" என்றேன். என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரியாதவள் மாதிரி பார்த்தாள்.

முன் இருக்கையில் மஞ்சள் புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சட்டென்று கைகூப்பினாள். "ஏனுங்க, அம்மன் எறங்கிட்டாளுங்க!"

பின்னாலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. யாரோ அம்மாவின் மடியில் வேப்பிலையை வைத்தார்கள்.

"தாயி, எம் பையனுக்கு முப்பத்தாறு ஆச்சு. இந்த வருசமாச்சும் பொண்ணு அமையுமா?" என்று மஞ்சள் புடவை அம்மாள் கேட்டாள்.

"தண்ணி வந்துருச்சு" என்றாள் அம்மா.

"மழையச் சொல்றா!" என்றாள் இன்னொருத்தி.

"என்னைக்குன்னு வெவரமாக் கேளுங்க. கடலை போடோணும்" என்று நின்றுகொண்டிருந்த ஒருவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் கும்பிட்டபடிதான் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு ஒருநாளும் அருள் வந்ததில்லை. அவளுடைய கைப்பையைத் துழாவினேன். முந்தின நாள் சாயங்காலம் நான் வாங்கிக் கொடுத்த புதுச் சர்க்கரை மாத்திரைப் பட்டையில் முதல் குழி கிழிந்திருந்தது. வெறும் வயிற்றில் போட்டிருக்கிறாள். அதனடியில் ரத்தக் கொதிப்பு மாத்திரை, அட்டெனோலால். அப்போதுதான் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. இந்த வகை மாத்திரை இதயத்தை அடக்கி வைக்கும். சர்க்கரை இறங்கும்போது வர வேண்டிய படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அதனால் நிறுத்த முடியாது. அந்த ஒன்றைத்தான் நான் வெக்கை என்று தள்ளியிருந்தேன்.

பூஜைக் கூடையில் பொங்கலுக்கு எடுத்துவந்த நாட்டுச்சர்க்கரை இருந்தது. பொட்டலத்தை எடுத்ததும் மஞ்சள் புடவை அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அம்மனுக்கு வெச்சது சாமி. படைக்காம எச்சில் பண்ணாத. அருள் வந்த ஒடம்பு, வாயில எதையும் போடக் கூடாது."

"அருள் இல்லீங்க. சர்க்கரை கொறஞ்சிருச்சு. இப்படியே விட்டா வலிப்பு வந்துரும்."

"நீ என்ன டாக்டரா?"

"நர்சுக்குப் படிக்கறேங்க."

"படிக்கறவதானே!"

கையை உதறிவிட்டுப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன். பயம் இன்னொன்றும் இருந்தது. நினைவு தப்புகிறவள் வாயில் கரைத்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அம்மாவை என் மடியில் ஒருக்களித்துச் சாய்த்து, சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, கன்னத்தின் உள்பக்கமாக விரலால் தடவினேன். கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். அவளுடைய பல் என் விரலில் அழுந்தியது. அது கடிப்பதா, வலிப்பின் தொடக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தார். "எல்லாரும் தள்ளுங்க, காத்து வரட்டும்" என்றவர், முன்னால் பார்த்து விசில் ஊதினார். "அண்ணா, எங்கயும் நிறுத்தாதீங்க. நேரா ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு உடுங்க!"

நான் அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு முறை எண்ணிக்கை தவறியது.

ராசிபுரம் ஊருக்குள் நுழையும்போது அவள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். பிறகு கண்ணைத் திறந்து, "ஏன் கண்ணு, எல்லாரும் என்னயவே பாக்கறாங்க?" என்றாள்.

நான் அழவில்லை. இது முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மாத்திரை ஒரு நாள் முழுக்க உடம்பில் நின்று சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். நாட்டுச்சர்க்கரை தந்த தெம்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அம்மாவோ, "நல்லாத்தான இருக்கறேன், பொங்க வெக்க நேரமாச்சு" என்று இறங்க மறுத்தாள். கண்டக்டரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம்.

மருத்துவமனையில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது அறுபத்தொன்று. குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாப்பிட வைத்தார்கள். நூற்று நாற்பதுக்கு வந்தது. மத்தியானம் அம்மா அசந்து தூங்கினாள். எனக்கு அந்தத் தூக்கத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நாடியை இனி நம்ப முடியாது, அதனால் கால் மணிக்கு ஒரு தரம் அவளுடைய பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று மணிக்கு விரல் ஈரமானது.

"இன்னொரு தடவை குத்திப் பாருங்க அக்கா" என்று நர்சிடம் சொன்னேன்.

"இப்பத்தானே பார்த்தோம். தூங்கறவங்கள விடேன்மா."

"பிடரி வேர்த்திருக்குங்க."

நாற்பத்தேழு. அந்த அக்கா மறுபடியும் குளுக்கோஸ் ஏற்றினார். இரவு முழுக்க அவரே வந்து வந்து குத்திப் பார்த்தார்.

மறுநாள் காலை மருத்துவர், "சாப்பிடாம எதுக்கும்மா மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டார்.

"இவதாங்க சொன்னா, ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாதுன்னு" என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. மகள் சொல்லைத் தட்டாத பெருமையோடு சொன்னாள். முதலாம் ஆண்டு விடுமுறையில் நான் அப்படிச் சொன்னது உண்மைதான். சாப்பிட்ட பிறகு என்று சேர்த்துச் சொன்னேனா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மருத்துவர் இரண்டு மாத்திரைகளையும் மாற்றி எழுதினார். அவர் போனதும் அம்மா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"படைக்கறதுக்கு முன்னால அம்மன் சர்க்கரையை எச்சில் பண்ணிட்டோமல்ல. அந்தக் குத்தத்துக்கு அடுத்த வெள்ளி பச்சத் தண்ணிகூட இல்லாம விரதம் இருக்கறேன்னு வேண்டிக்கிட்டேன் சாமி."

திட்டினால் எனக்குத் தெரியாமல் விரதம் இருப்பாள். "எச்சில் பண்ணுனது நான். குத்தம் என்னுது. விரதத்தை நான் இருக்கறேன்" என்றேன்.

அம்மாவுக்குச் சந்தேகம். "நீ இருந்தா அம்மன் ஏத்துக்குவாளா?"

"பெத்தவளுக்காகப் புள்ள இருந்தா ஏத்துக்க மாட்டாளா?"

அடுத்த வெள்ளிக்கிழமை சேலத்தில், விடுதியில், பல் துலக்கிய தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படாமல் வார்டு பயிற்சிக்குக் கிளம்பினேன். ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். வார்டு வாசலில் நின்று மூன்றாம் முறை செய்தபோது மணி முழுதாக அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தாள்.

"சாப்பிட்டியா?"

"மூணு இட்லி."

"மாத்திரை?"

"அதுக்கப்புறந்தான்."

"உண்மையா?"

"கோயிலுக்கு நேர்ந்துகிட்டவ பொய் சொல்லுவேனா?" என்றாள். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. அது போதாமல், பிடரியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.