காப்பிப் பழம் ஒட்டிய விரல்

என் மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி, ஊசிக்கு முன் விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கருவியில் ஓர் எண். ஏற்காட்டில், நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் வருகை எடுப்பதும் மாலையில் பழத்தின் எடையை எழுதுவதும் என் வேலை. எழுதிப் பழகிய கை. அவளுடைய எண்களையும் நாட்குறிப்பில் எழுதி வருகிறேன்.

பன்னிரண்டாம் வயதில், பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். ஏற்காடு ஏரிக்கரையில் தொடங்கி, கிளியூர் சாலையில் ஒரு தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். சேலத்து டாக்டர் ஓடலாம் என்றார். ஓடும்போது சர்க்கரை வேகமாக இறங்கும், அதனால் முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும், விவரம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்றார்.

அந்த ஒருவராக என் மைத்துனர் வந்தார். என் மனைவிக்குத் தம்பி, எஸ்டேட் ஜீப் ஓட்டுபவர். வேலை முடிந்ததும் கால்சட்டை மாற்றிக்கொண்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு வந்துவிடுவார். இருவரும் எங்கள் வீட்டிலிருந்து சாலையோடு ஓடிப் பழகுவார்கள். நானும் மனைவியும் கருவி இருக்கும் பையை எடுத்துக்கொண்டு முன்னதாகவே போய் அடுத்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்போம். அவர்கள் அங்கே வந்து சேர்ந்ததும் அளப்போம்.

"சாமி, உங்கூட ஓடி ஓடி எனக்குத் தொப்பையே போயிருச்சு. உங்க அத்தை ஆள் தெரியாம ஊட்டுக் கதவச் சாத்திட்டா" என்பார் மைத்துனர்.

"கண்ணாடியில பாத்தீங்களா மாமா? தொப்பை அங்கயேதான் இருக்குது."

புறப்படும் முன் அளப்பதற்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். எண் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு ஓட வேண்டும். இருநூறைத் தாண்டியிருந்தால் எதுவும் தின்ன வேண்டாம். டாக்டர் சொன்னதைச் சுருக்கி எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன்.

காப்பி பழுக்கும் மாதம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சில செடிகளில் மனைவியும் மகளும் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பழுத்த காப்பிப் பழத்தை விரலால் அமுக்குவார்கள். கொட்டை வழுக்கிக்கொண்டு தெறிக்கும். தோலுக்குள் இருக்கும் பசை தித்திப்பாக இருக்கும், அதைச் சப்புவார்கள். என் மகள் சப்புவதில்லை. மாமாவின் முதுகைக் குறிபார்த்துக் கொட்டையைத் தெறிக்க விடுவாள். அன்றும் அப்படித்தான் விளையாடினாள். பிறகு ஓடப் புறப்படும் முன் அளக்க, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

கருவி இருநூற்று நாற்பது காட்டியது.

"என்ன தின்ன கண்ணு?" என்றாள் என் மனைவி.

"ஒன்னுந் திங்கலம்மா."

"பின்ன இது எப்படி வரும்? நெசத்தச் சொல்லு. பழத்தோட தோலச் சப்புனயா?"

"இல்லைங்கறேன்ல."

மகள் என்னைப் பார்த்தாள். நான் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். மைத்துனர் மட்டும், "சரி உடுக்கா, ஓடுனா இறங்கிரும்" என்றார். அன்று வாழைப்பழமும் பிஸ்கட்டும் இல்லை. எங்களைப் பார்க்காமல் ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் பையோடு ஸ்கூட்டரில் புறப்பட்டோம்.

நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் பனி இறங்கிவிட்டது. வழக்கமாக அவர்கள் வந்து சேரும் நேரம் தாண்டியது. ஒரு பஸ் வந்து போனது. வளைவில் இரண்டு பேர் நடந்து வருவது தெரிந்ததும் மனைவி எழுந்து ஓடினாள். மைத்துனர் பிள்ளையைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது.

அவர் சொன்னது இது. முதலில் கோபமாக வேகமாக ஓடியிருக்கிறாள். பேச்சுக் கொடுத்தும் பதில் இல்லை. முகமெல்லாம் ஈரம், பனி என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் கால் பின்னியது. சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எங்கீங்க போகோணும்?" என்று யாரோ வழிப்போக்கரைக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு உசுரே இல்லீங்க மச்சான். பொட்டலத்தப் பல்லுல கடிச்சுப் பிரிச்சு வாயில போட்டனுங்க. முழுங்கிட்டா. கொஞ்ச நேரங் கழிச்சுத்தான் மாமான்னா."

அவள் கையெல்லாம் குளுக்கோஸ் மாவு. மனைவி பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டு அளந்தாள். குளுக்கோஸ் தின்ற பிறகும் அறுபத்திரண்டுதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்து, தெளிந்த பிறகே வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

இருநூற்று நாற்பது அவ்வளவு சீக்கிரம் அப்படி இறங்காது. வீட்டில் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நகக்கண்ணில் சிவப்பாகத் தோல் ஒட்டியிருந்தது. பின்பக்கம் போய் ஒரு பழத்தைப் பறித்து, அமுக்கி, விரலில் தேய்த்து, வேட்டியில் துடைத்துவிட்டு என்னையே குத்திக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. கருவி முந்நூறுக்கு மேல் காட்டியது. சோப்புப் போட்டுக் கழுவி அதே கையில் வேறு விரலைக் குத்தினேன். தொண்ணூற்றெட்டு.

சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள். சொன்னேன்.

மகள் கம்பளிக்குள்ளிருந்து, "நான் திங்கலைன்னு சொன்னேன்ல" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மைத்துனர் வெளியே போய் ஜீப்புக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

அதன் பிறகு பந்தயப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளைத் தவிர. பந்தயத்தில் அவளோடு சேர்ந்து ஓட யாருக்கும் அனுமதி இல்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். "அப்ப வேண்டாங்க" என்றாள் மனைவி. "பாலத்துல இவன் இருந்தான். அங்க ஆரு இருப்பா?"

"அன்னைக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுதும்மா. உதடு மரத்துப் போச்சு. சொன்னா நம்ப மாட்டீங்கன்னு சொல்லல" என்றாள் மகள். "இனிமே சொல்றேன். சொன்னா நம்போணும். அவ்வளவுதான்."

மைத்துனர்தான் முதலில் சரி என்றார். மறுவாரம் மறுபடி ஓடினார்கள். அலமாரிக் கதவில் என் விதிக்கு மேலே, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று எழுதினேன். அவள் பேனாவை வாங்கி அதற்கும் மேலே, 'முதலில் என்னைக் கேட்க வேண்டும்' என்று எழுதினாள்.

பந்தயத்தன்று ஏரிக்கரையில் குளிர் அதிகம். கழுவி, அளந்து, வாழைப்பழம் தின்று வரிசையில் நின்றாள். ஓடுகிறவர்கள் திரும்பும் இடத்தில் மனைவி பையோடு நின்றாள். முடியும் இடத்தில், பந்தயத்துக்காக வாங்கிய இன்னொரு கருவியும் தண்ணீர் பாட்டிலுமாக நானும் மைத்துனரும் நின்றோம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பனியிலிருந்து வந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் இல்லை. மைத்துனர் சாலையில் இறங்கப் போனார். அங்கிருந்த ஆசிரியர் தடுத்தார். கடைசியாக வந்த பெண்ணுக்குப் பிறகு சாலை வெறுமையாக இருந்தது. அப்போதுதான் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"வந்தா, உதடு மரக்குதும்மான்னு சொல்லி உக்காந்துட்டா. குளுக்கோஸ் குடுத்தனுங்க."

"எவ்வளவு இருந்தது?"

"அப்ப அளக்கலீங்க. அவ சொன்னா, குடுத்துட்டேன். நொம்ப நேரம் உக்காந்திருந்தா. பொறவு கையக் கழுவிப் பாத்தோம், நூத்திப் பத்து. ரெண்டு பிஸ்கட்டுந் தின்னுட்டு இப்பத்தான் புறப்பட்டா. நடந்துதான் வாரா. நான் பின்னாடியே வாரேன், ஆரு வேண்டாம்னாலும்" என்றாள்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டை மிதித்து அழித்திருந்தார்கள். வளைவில் முதலில் அவளும், சற்றுப் பின்னால் பையோடு மனைவியும் தெரிந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கடைசிக் கொஞ்ச தூரத்தை மெதுவாக ஓடினாள். மைத்துனர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "பனி" என்றார்.

"எத்தனாவது மாமா?"

"எண்ணல சாமி."

நான் கருவியைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அவள் விரலை நீட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினாள். நான் கருவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். ஊற்றுவதற்கு முன்னால், "இப்ப எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டேன்.

"இப்பப் பரவால்லீங்கப்பா" என்றாள்.