தள்ளக் கூடாத படகு

பழவேற்காட்டுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அங்கேயே பிறந்தவள். ஆனால் மறக்க முடியாத பயணம், கும்மிடிப்பூண்டியில் வாழ்க்கைப்பட்ட பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனியில் போனதுதான்.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஒரு பட்டறையில் வெல்டர், தினக்கூலி. ஆழமில்லாத கரையில் பட்டாளத்தை இறக்க அந்தப் பட்டறை ஒரு புது மாதிரிப் படகு கட்டியிருந்தது. தட்டையான அடி. முன்பக்கம் முழுக்கக் கதவு, சாய்ந்தால் அதுவே நடைபாதை. கதவின் கீல் இவர் பற்றவைத்தது. பழவேற்காடு ஏரியில் நடக்கும் சோதனையில் அது தேறினால் இவருக்கு நிரந்தர வேலை. தேறாவிட்டால் வெல்டர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

சிப்பாய்களுக்குப் பதில் பாரத்துக்கு நிற்க என் தம்பி முனுசாமியின் குப்பத்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கிளம்பினேன். பொன்னேரி வரை ரயில். அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் பஸ், டிக்கெட் ஐம்பது காசு, வழியெல்லாம் நின்றுகொண்டே.

"அக்கா, நீ ஏறுனா ரெண்டு சிப்பாய் கணக்கு" என்றான் படகருகே நின்ற தம்பி.

"வாய மூடிக்கினு ஏறுடா."

ஆளுக்கொரு மணல்மூட்டையோடு நின்றோம். படகு கரையை நோக்கி ஓடிச் சேற்றில் தட்டியது. கதவு திறக்கும் முன்பே தம்பியும் மற்ற ஆண்களும் பக்கவாட்டில் குதித்துத் தோள் கொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஏரியில் படகு தரைதட்டினால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக இறங்கிவிடும். பாரம் குறைந்த படகு மிதந்து குறுக்கே திரும்பியது. சோதனை கெட்டது.

சோதிக்க வந்திருந்த பட்டாளத்து அதிகாரி இந்தியில் கத்தினார். பட்டறை மேஸ்திரி அதைத் தமிழில் சொன்னார்: "யோவ், சண்ட நடக்குற எடத்துல நீங்க வந்து தள்ளுவீங்களா? அதுவாத்தான்யா போவணும். தண்ணி எறங்கிக்கினு கீது. இன்னும் ஒரு வாட்டிதான், அதோட மூட்ட கட்டிடுவாரு."

கதவுச் சங்கிலியருகே நின்ற என் வீட்டுக்காரர் முகம் வெளிறியிருந்தது. "மச்சான், உன் கால கட்டிப் போடட்டுமா?"

"இன்னா மாமா, பழக்க தோசம். இந்த வாட்டி பாரு."

இரண்டாம் முறை தட்டியபோது யாரும் அசையவில்லை. சங்கிலி தளர்ந்தது. கதவு பாதியில் நின்று முனகியது. அவரைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு தடாலென்று விழுந்தது. முழங்கால் தண்ணீரில் மூட்டையோடு கரையேறினோம்.

மிச்சம் ஒன்றுதான். பின்னால் போட்ட நங்கூரக் கயிற்றை இயந்திரம் சுருட்ட, படகு தானாகப் பின்வாங்க வேண்டும். இயந்திரம் உறுமியது, கயிறு விறைத்தது, படகு நகரவில்லை. ஆண்கள் ஓரடி முன்னே வைத்தார்கள்.

"எவனாச்சும் தொட்டீங்க, எங்க ஊட்டு சோறு போச்சு" என்றேன்.

தம்பி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். படகு ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. பிறகு வழுக்கிக்கொண்டு பின்னால் போனது.

யாரும் கைதட்டவில்லை. "நம்ம கை படாமயே போவுது பாரேன்" என்றான் தம்பி. சந்தோஷமா, வருத்தமா, தெரியவில்லை.

அடுத்த மாதமே இவரை நிரந்தரமாக்கினார்கள். அந்தக் கீல் இவர் கைவேலை என்று பேரப்பிள்ளைகளிடம் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது போகிறவர்களுக்கு: பொன்னேரியில் இறங்கினால் பஸ் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், ஏரியில் நிழல் கிடையாது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் குறைவு, படகு தட்டும். படகுக்காரர் இறங்கித் தள்ளுவார். உதவுகிறேன் என்று நீங்களும் இறங்காதீர்கள், சேறு காலை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருங்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.